தண்டவாளத்தில் ஓர் இடைவெளி: மாடல் ரயில் பாயின்ட்டைப் புரிந்துகொள்ள

மாடல் ரயில் ஆசை பிடித்தவர்கள் முதலில் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள். கைப்பிடிக் கம்பி மெல்லிசாக இருக்கிறதா, பெயின்ட் நிறம் ஒத்துப்போகிறதா, நம்பர் எழுத்து சரியா என்று கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு தேடுவார்கள். அவ்வளவு பார்த்து வாங்கிய இன்ஜினைப் பெட்டியோடு வந்த தண்டவாளத்தில் வைத்ததும் அது பொம்மையாகிவிடும். குறை இன்ஜினில் இல்லை. அடியில் இருக்கும் தண்டவாளம் உயரம் அதிகம், வளைவு மிகக் குறுகல், பாயின்ட் குட்டை. நம் கண் தினமும் ரயிலைப் பார்த்துப் பழகியது. எது தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், தப்பு என்று மட்டும் அதற்குத் தெரிந்துவிடுகிறது.

அந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது, அதில் எதை எளிதில் சரிசெய்யலாம், எதை விட்டுவிடலாம் என்பதுதான் இங்கே விஷயம். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயின்ட்டில் அதிக நேரம் நிற்கப் போகிறோம். அதைப் புரிந்துகொண்டால் மீதித் தண்டவாளம் தானாகப் புரிந்துவிடும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. பார்த்துப் படிக்க வேண்டிய அசல் பக்கத்திலேயே இருக்கிறது. பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி மூன்றும் ஜோலார்பேட்டை–சேலம் இரட்டைப் பாதையில் உள்ளவை. தர்மபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் எல்லாம் சேலம்–பெங்களூரு பாதையில். பிளாட்பார முனையில் நின்று, அல்லது நடைமேம்பாலத்தில் ஏறி, பாதை பிரியும் இடத்தை நிதானமாகப் பார்க்கலாம். தண்டவாளத்தில் இறங்கி அளக்கலாமே என்று நினைக்க வேண்டாம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி அது குற்றம். தவிர, மேலிருந்து பார்த்தால்தான் பாயின்ட்டின் அமைப்பு முழுசாகத் தெரியும்.

ஸ்கேல் வேறு, கேஜ் வேறு

புதிதாக வருபவர்கள் குழம்பும் முதல் இடம் இது. அசலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறோம் என்பது ஸ்கேல். மாடல் ரயிலில் பரவலாக உள்ள எச்.ஓ. ஸ்கேல் என்றால் ஏறக்குறைய 87 மடங்கு. துல்லியமாகச் சொன்னால் 87.1. இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு நடுவே உள்ள தூரம் கேஜ். ஸ்கேலைச் சரியாக வைத்துக்கொண்டு கேஜில் கோட்டை விடலாம். உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். தர்மபுரி மூன்று கேஜைப் பார்த்த ஊர். 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி அகலத்தில் ஒரு சின்ன ரயில் வந்தது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. மொரப்பூர் பாதைக்கு ஒரு வருடம் முன்பே, 1905இல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அதே அகலத்தில் பாதை போட்டிருந்தார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுசேர்க்க வழி வேண்டும் என்று போட்ட பாதைகள் அவை. இரண்டையுமே பின்னாளில் பிடுங்கிவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தர்மபுரி வழியாக மீட்டர் கேஜ் வந்தது. 1990களில் அதுவும் போய் இன்றைய 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை ஆனது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

இந்த மூன்றையும் 87.1ஆல் வகுத்துப் பாருங்கள். அகலப்பாதை 19.2 மி.மீ., மீட்டர் கேஜ் 11.5 மி.மீ., பழைய குறும்பாதை 8.75 மி.மீ. கடையில் கிடைக்கும் தண்டவாளங்களோ 16.5, 12, 9 மி.மீ. கடைசி இரண்டும் கிட்டத்தட்ட சரியாக இருக்கின்றன. அகலப்பாதை மட்டும் 2.7 மி.மீ. இடிக்கிறது. காரணம் எளிது: 16.5 என்பது ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஓட்டும் 1435 மில்லிமீட்டர் பாதையின் சுருக்கம். நம் அகலப்பாதைக்காக யாரும் அதை வகுக்கவில்லை.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இதே வலி உண்டு. அங்கே பரவலாக உள்ள ஓ.ஓ. ஸ்கேலில் ஓர் அடிக்கு 4 மி.மீ. கணக்கு, தண்டவாளம் மட்டும் அதே 16.5. நாலடி எட்டரை அங்குலம் இருக்க வேண்டிய பாதை நாலடி ஒன்றரை அங்குலமாகச் சுருங்கி, பெட்டிக்கு அடியில் ஒடுங்கி நிற்கும். அது பொறுக்காதவர்கள் முதலில் 18 மி.மீ. வைத்து ஈ.எம். என்றார்கள், பின்னால் அது 18.2 ஆனது. 1960களில் இன்னொரு கூட்டம் அதுவும் போதாது என்று 18.83க்குப் போய், சக்கரத்தின் விளிம்பு வரை அசலின் அளவில் கொண்டுவந்தது. அதற்கு பி4 என்று பெயர். ஃபைன்ஸ்கேல் என்று ஆங்கிலத்தில் சொல்லும் மரபின் மையமே இந்த இரண்டும்தான். நம் கேஜோடு நெருங்கியவர்கள் அயர்லாந்துக்காரர்கள். அவர்கள் பாதை ஐந்தேகால் அடி, 4 மி.மீ. கணக்கில் 21 மி.மீ. கேஜ் வைத்துக் கையாலேயே செய்கிறார்கள். அதே கணக்கில் நம் ஐந்தரை அடிக்கு 22 மி.மீ. வரும்.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று வைத்தால் ஐந்தரை அடி சரியாக 16.5 மி.மீ. கடைத் தண்டவாளத்தை அப்படியே போடலாம், கேஜ் பிசகாது. ஆனால் அதற்கு மேலே ஓட வேண்டிய இன்ஜின், பெட்டி, சிக்னல், பிளாட்பாரம் அத்தனையும் நீங்களே செய்ய வேண்டும்.

புதியவருக்கு என் யோசனை: கேஜைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இது ஃபைன்ஸ்கேல் ஆட்களுக்கு உவப்பான பேச்சு அல்ல என்று தெரியும். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது 2.7 மி.மீ. குறைவு தெரிவதில்லை, நேர் எதிரே நின்று பார்த்தால்தான் தெரியும். அதைச் சரிசெய்ய இறங்கினால் ஒவ்வொரு சக்கரத்தையும் மாற்ற வேண்டும். பாயின்ட்டின் நீளமும் தண்டவாளத்தின் உயரமும் ஜல்லியின் அளவும் அப்படி அல்ல. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் காட்டிக்கொடுக்கும், சரிசெய்யவும் சக்கரத்தைத் தொட வேண்டியதில்லை.

இரும்பு, கட்டை, ஜல்லி

மாடல் தண்டவாளத்தின் உயரத்தைக் கோட் என்ற எண்ணால் சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதே அந்த எண். கோட் 100 என்றால் 2.54 மி.மீ. அதை 87ஆல் பெருக்கினால் 221 மி.மீ. வருகிறது. நம் மெயின் லைனில் போடும் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் உயரமே 172 மி.மீ.தான், 52 கிலோ தண்டவாளம் 156 மி.மீ. ஆக, கோட் 100 அசலில் இல்லாத ஒரு பூதம். 60 கிலோவுக்குக் கோட் 75 அல்லது 83, 52 கிலோவுக்குக் கோட் 70 வாங்கினால் போதும். இதில் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டையான சிலீப்பரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அகலப்பாதையின் கான்கிரீட் சிலீப்பர் 2.75 மீட்டர் நீளம். மெயின் லைனில் கிலோமீட்டருக்கு 1660 வீதம் போடுகிறார்கள். எச்.ஓ.வில் ஒவ்வொன்றும் 31.6 மி.மீ. நீளம், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 6.9 மி.மீ. கடைத் தண்டவாளம் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பிசகுவது உருவத்தில். மரக்கட்டை போல நரம்பு ஓடும் பழுப்பு பிளாஸ்டிக் சிலீப்பரை வைத்துக்கொண்டு இன்றைய மொரப்பூரைக் காட்ட முடியாது. நம் கான்கிரீட் சிலீப்பர் நடுவில் தாழ்ந்து, தண்டவாளம் உட்காரும் இரு முனைகளில் பருத்திருக்கும். கான்கிரீட் சிலீப்பர் போட்ட வளைக்கும் தண்டவாளம் தனியாகவே விற்கிறது. பழைய காலத்தைக் காட்டுவதானால் சி.எஸ்.டி.-9 என்ற வார்ப்பிரும்பு சிலீப்பரைத் தேடிப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு இரும்புத் தட்டு, நடுவில் ஒரு பட்டைக் கம்பி. அந்தக் கம்பி ஜல்லிக்குள் புதைந்துவிடும். பார்ப்பதற்குக் குறுக்குக் கட்டையே இல்லாத பாதை போலத் தோன்றும். அதை மாடலாகச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்தால் தனித்துத் தெரியும்.

ஜல்லிக்கு வருவோம். இதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நிகரில்லை. ரயில்வே ஜல்லி 65 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை உள்ள உடைகல். 87ஆல் வகுத்தால் பெரியது முக்கால் மி.மீ., சிறியது கால் மி.மீ. அதாவது ரவை அளவு. மாடல் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கும் ஜல்லி பல நேரம் இதைவிடப் பெரிது. அதைக் கொட்டினால் பாதை பாறைமேல் கிடப்பது போலத் தெரியும். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரம் கிரானைட் பூமி. கிரஷரில் வரும் எம்-சாண்ட் அதே கல்லின் பொடிதான். வீடு கட்டும் இடத்தில் கேட்டால் இரண்டு கைப்பிடி தருவார்கள். முதலில் ரவை சலிக்கும் சல்லடையில் போட்டுப் பெரிய குருணையைத் தள்ளுங்கள். கீழே விழுந்ததை டீ வடிகட்டியில் போட்டு மாவுத் தூளைக் கழியுங்கள். வடிகட்டியில் நிற்பது நமக்கு. அதைத் தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு ஒரு காந்தத்தைத் தாளில் சுற்றி மேலே ஓட்டுங்கள். இந்த வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். கிரஷர் பொடியில் இரும்புத் துகள் இருந்தால் இன்ஜின் மோட்டாரின் காந்தம் அதை இழுத்து உள்ளே சேர்த்துவிடும்.

சிலீப்பருக்கு இடையில் பொடியைத் தூவி, மெல்லிய பிரஷ்ஷால் தண்டவாளத்தின் பக்கவாட்டில் ஒட்டியதைத் தட்டி இறக்கி, ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்து, சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஜல்லியைக் கலைக்கும். பாயின்ட்டின் நகரும் பகுதியில் மட்டும் பசை விடக் கூடாது. அங்கே பொடியை மெலிதாக, நகர்வதில் இடிக்காதபடி ஒட்ட வேண்டும்.

இடைவெளி எதற்கு

இப்போது பாயின்ட். அதன் உறுப்புகளை வெளியிலிருந்து உள்ளே போவது போலப் பார்க்கலாம். இரு ஓரங்களிலும் அசையாமல் கிடக்கும் முழுத் தண்டவாளங்கள் ஸ்டாக் ரயில். அவற்றோடு வந்து ஒட்டுவதும் விலகுவதுமாக, முனை கத்தி போல் சீவப்பட்ட இரண்டு தண்டவாளங்கள் டங் ரயில். பாயின்ட் மெஷின் தள்ளுவது இவற்றைத்தான். அவற்றுக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி, நேர்ப் பாதையின் ஓர் இரும்பும் கிளைப் பாதையின் ஓர் இரும்பும் ஒன்றையொன்று வெட்டும் இடம் கிராசிங். சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ரயில் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், அது தண்டவாளத்தின் உள்ஓரமாகக் கீழே இறங்கி ஓடும். இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அந்த விளிம்புக்குக் குறுக்கே மற்ற தண்டவாளம் நிற்கிறது. விளிம்பு கடந்து போக வேண்டுமென்றால் இரும்பை வெட்டி வழி விடத்தான் வேண்டும். அப்படி வெட்டியதும் சக்கரம் கடக்கும் பாதையில் ஒரு பள்ளம் உண்டாகிறது. பாயின்ட் என்பது இந்தப் பள்ளத்தைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடு. நேராகப் போகும் ரயில் கூட அங்கே ‘டக்’ என்று ஒரு சத்தம் போடுவது இதனால்தான்.

சமாளிப்பு இரண்டு வகையில் நடக்கிறது. முதலாவது, சக்கரத்தின் அகலம். கிராசிங்கின் கூர்முனையை மூக்கு என்பார்கள்; அதன் இரு பக்கமும் சிறகு போல் வளைந்து போகும் தண்டவாளங்கள் விங் ரயில். பள்ளத்தின் மேல் போகும்போது சக்கரத்தின் வெளி ஓரம் விங் ரயிலின் மேல் இன்னும் உட்கார்ந்திருக்கும். அது இறங்குவதற்குள் உள் ஓரத்துக்கு மூக்கு கிடைத்துவிடும். கைமாறும் அந்த நேரத்தில் சக்கரம் எதன் மேலும் நிற்காமல் தொங்கக் கூடாது. அதற்கான பொதுவிதி: சக்கரத்தின் அகலம், மூக்குக்கும் விங் ரயிலுக்கும் நடுவே விளிம்பு போக விட்ட இடைவெளியைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அசலில் சக்கரம் 127 மி.மீ. அகலம், இடைவெளி 44 மி.மீ. சுற்றி. தாராளமாகப் போதும்.

இரண்டாவது ஏற்பாடு செக் ரயில். கிராசிங்குக்கு நேர் எதிரே, மறுபக்கத்து ஸ்டாக் ரயிலை ஒட்டி உள்பக்கம் கிடக்கும் சின்னத் தண்டவாளம் அது. பள்ளத்தைக் கடக்கும் சக்கரம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மூக்கில் முட்டலாம், அல்லது தப்பான வழியில் நுழையலாம். அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் சக்கரத்தின் முதுகை, அதாவது உள்முகத்தை, செக் ரயில் பிடித்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் இந்தப் பக்கச் சக்கரம் மூக்கை விட்டு விலகியே போகும்.

இந்த இரண்டாவதில்தான் மாடல் ரயில்கள் தடம்புரள்கின்றன. எண்களோடு பார்த்தால் எளிது. கேஜ் 16.5, செக் ரயில் இடைவெளி 1.25 என்று வைப்போம். கழித்தால் 15.25. இரு சக்கரங்களின் முதுகுகளுக்கு இடையே உள்ள தூரம் 14.4, ஒரு விளிம்பின் தடிமன் 0.76. கூட்டினால் 15.16. இது 15.25ஐவிடக் குறைவு. எனவே விளிம்பு மூக்கைத் தொடாமல் போகும். கையிருப்பு வெறும் 0.09 மி.மீ. அதே சக்கரங்களைச் சற்று அகற்றி 14.8 வைத்துவிட்டால் கூட்டுத்தொகை 15.56 ஆகிவிடும். விளிம்பு நேராக மூக்கில் ஏறும். எதிர்ப்பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. இருபக்க இடைவெளிகளையும் கேஜிலிருந்து கழித்தால் 14.0. சக்கரங்களை அதற்கும் நெருக்கமாக வைத்தால் செக் ரயிலுக்கும் விங் ரயிலுக்கும் நடுவே கவ்விக்கொண்டு நின்றுவிடும். 14.0க்கு மேல், ஏறக்குறைய 14.5க்குள்: சக்கரத்துக்குக் கிடைக்கும் சுதந்திரம் அவ்வளவுதான்.

அசல் ரயிலிலும் இதே கணக்குதான். 1676இலிருந்து 44ஐக் கழித்தால் 1632. சக்கர முதுகுகளின் தூரம் 1600, விளிம்பின் தடிமன் 28 மி.மீ. சுற்றி. அங்கேயும் கையிருப்பு ஒருசில மில்லிமீட்டர்தான்.

கடைத் தண்டவாளம் ஏன் பொம்மையாகத் தெரிகிறது என்பதற்கு இங்கே பதில் கிடைக்கிறது. 44 மி.மீ. இடைவெளி எச்.ஓ.வில் அரை மி.மீ. ஆக வேண்டும். விற்பதோ 1.25க்குப் பக்கத்தில். திருப்பிப் பெருக்கினால் கிட்டத்தட்ட 109 மி.மீ. பள்ளம்! அந்தப் பள்ளத்தில் விழாமலிருக்கச் சக்கரத்தை 2.79 மி.மீ. அகலமாகச் செய்கிறார்கள், அசல் கணக்கில் அது 243 மி.மீ., அதாவது உண்மையான சக்கரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அழகுக்காக யாராவது 2.24 மி.மீ. மெல்லிய சக்கரத்தை வாங்கி மாட்டினால் என்ன ஆகும்? இடைவெளியின் இரண்டு மடங்கு 2.5, சக்கரம் அதைவிடக் குறைவு. ஒவ்வொரு கிராசிங்கிலும் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும். சக்கரம், இடைவெளி, முதுகுத் தூரம் மூன்றும் ஒரு ஜமா. ஒன்றை மட்டும் மெலிதாக்க முடியாது.

நடுவழி ஒன்று உண்டு. ஈ.எம். ஆட்கள் இடைவெளியை 1 மி.மீ. என்று வைத்துக்கொண்டார்கள். 16.5 கேஜுக்காரர்களில் சிலர் பாயின்ட்டில் மட்டும் கேஜை 16.2 ஆகக் குறைத்து, இடைவெளியை அதே 1 மி.மீ. ஆக்குகிறார்கள். 16.2இல் 1 கழித்தால் 15.2, கிட்டத்தட்ட பழைய 15.25தான், எனவே சக்கரங்களைத் தொட வேண்டியதில்லை. கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய கால் மில்லிமீட்டர் என்று தெரியும்.

கோணமும் நீளமும்

பாயின்ட்டை 12க்கு 1, 8½க்கு 1 என்று சொல்வார்கள். கிராசிங்கில் 12 அடி முன்னே போனால் இரு பாதைகளும் ஓரடி விலகும் என்பது பொருள். கோணத்தில் சொன்னால் 12க்கு 1 என்பது 4.8 டிகிரி, 8½க்கு 1 என்பது 6.7 டிகிரி. மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் லூப் லைனுக்குப் பயணிகள் ரயில் திரும்பும் இடங்களில் 12க்கு 1, சரக்கு யார்டுகளில் 8½க்கு 1 என்பது பொதுவான வழக்கம். கடையில் விற்கும் மாடல் பாயின்ட்டுகளில் 12 டிகிரி சர்வசாதாரணம், அது 4.7க்கு 1. ரயில் அதில் திரும்பும்போது பெட்டிகள் வெட்டி வெட்டிப் போவதற்கு அதுதான் காரணம்.

அப்படியானால் ஏன் நீளமாகச் செய்யவில்லை? இடம்தான். 12க்கு 1 பாயின்ட் அசலில் சுமார் 40 மீட்டர். எச்.ஓ.வில் 46 சென்டிமீட்டர். அதன் வளைவின் ஆரம் 441 மீட்டர், எச்.ஓ.வில் ஐந்து மீட்டருக்கும் சற்று மேல். வளைவுகள் இன்னும் மோசம். அகலப்பாதையில் அனுமதிக்கும் மிகக் கூரிய வளைவு 10 டிகிரி, ஆரம் 175 மீட்டர். அதைச் சுருக்கினாலும் இரண்டு மீட்டர். அரை வட்டம் திரும்பவே நாலு மீட்டர் அகலம் வேண்டும். நம் வீடுகளில் ஹாலைக் காலி செய்தால்தான் முடியும். பெட்டியோடு வரும் தண்டவாள வளைவின் ஆரம் 40 சென்டிமீட்டர் சுற்றி இருக்கும்.

தர்மபுரியின் பழைய குறும்பாதை கைகொடுப்பது இங்கேதான். 762 மி.மீ. பாதைக்கு இந்திய ரயில்வே விதிகள் 40 டிகிரி வரை வளைய இடம் கொடுக்கின்றன. ஆரம் 44 மீட்டர். 87ஆல் வகுத்தால் அரை மீட்டர்! ஒரு கதவுப் பலகையின் மேல் எந்தச் சமரசமும் இல்லாமல் அசலின் அளவிலேயே ஒரு வளைவு போடலாம். தண்டவாளத்துக்கு 9 மி.மீ. கேஜ் கடையில் கிடைக்கிறது, தேவையானது 8.75, இந்தக் கால் மில்லிமீட்டரை நான் மன்னிப்பேன். மொரப்பூர் அல்லது பழைய கிருஷ்ணகிரி பாதையை ஒட்டி ஒரு சின்ன ஸ்டேஷன், இரண்டு பாயின்ட், ஒரு லூப். அகலப்பாதையைச் சுருக்கி நசுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். இன்ஜின், பெட்டிகளுக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

அகலப்பாதைதான் வேண்டுமென்றால், வட்டம் சுற்றும் ஆசையை விட்டுவிட்டுச் சுவர் ஓரமாக நீளப் பலகையில் பொம்மிடி மாதிரி ஒரு நேர் ஸ்டேஷன் அமைக்கலாம். 8½க்கு 1 பாயின்ட் 33 சென்டிமீட்டர்தான். மூன்று மீட்டர் பலகையில் நாலு பாயின்ட் போட்டும் இடம் மிஞ்சும்.

கையால் செய்வது

இவ்வளவு நீளமான, இவ்வளவு மெல்லிய இடைவெளியுள்ள பாயின்ட் கடையில் எளிதில் கிடைக்காது. செய்துகொள்ள வேண்டியதுதான். பயப்பட ஒன்றுமில்லை. மொபைல் போர்டு பழுதுபார்ப்பவர் பிடிக்கும் சால்டரிங் அயனைவிடச் சற்றுப் பெரியது ஒன்று, ஒரு தட்டை அரம், வெர்னியர் காலிப்பர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் வரைபடம். மார்ட்டின் வின் உருவாக்கிய டெம்ப்ளாட் என்ற மென்பொருள் இதற்கென்றே இருப்பது. கேஜ், இடைவெளி, கோணம் மூன்றையும் நீங்கள் கொடுத்தால் அதே அளவில் பாயின்ட்டைச் சிலீப்பரோடு வரைந்து தரும். அதை அச்செடுத்துப் பலகையில் ஒட்டி, அதன் மேலேயே வேலை. கடையில் அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற வசதியை அணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாயின்ட் முழுவதும் சில சதவீதம் சுருங்கி வரும்.

சிலீப்பருக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் செம்புத் தகடு ஒட்டிய பி.சி.பி. போர்டைக் கீற்றாக வெட்டிக்கொள்வார்கள். ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தான். தண்டவாளத்தை அதில் நேராகச் சால்டர் வைத்துவிடலாம். ஒவ்வொரு கீற்றின் நடுவிலும் அரத்தால் செம்பை ஒரு கோடு கீறிப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் இரு தண்டவாளமும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்கும்.

வரிசை முக்கியம். இரண்டு தண்டவாளத் துண்டுகளை வரைபடத்தின் கோணத்துக்கு அராவிச் சேர்த்து மூக்கை முதலில் செய்து பதிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்தே அளக்கப்படுகிறது. அடுத்து நேர் ஸ்டாக் ரயில், பிறகு விங் ரயில்கள், பிறகு வளைந்த ஸ்டாக் ரயில், டங் ரயில்கள், கடைசியில் செக் ரயில். இடைவெளியைக் கண்ணால் வைக்கக் கூடாது. பைக் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் 1 மி.மீ. தகடு இருக்கும். அதைத் தண்டவாளங்களுக்கு நடுவே செருகி வைத்துக்கொண்டு சால்டர் வைத்தால் இடைவெளி பிசகாது. டங் ரயிலின் முனையை அராவும்போது ஒரு பக்கம் மட்டும் அராவ வேண்டும். அடிப்பாகத்தையும் கொஞ்சம் குறைத்தால்தான் ஸ்டாக் ரயிலோடு ஒட்டி உட்காரும். விலகும் தூரம் அசலில் 115 மி.மீ., எச்.ஓ.வில் 1.3. மாடலில் கொஞ்சம் கூடத்தான் வைப்போம். ஆனால் பார்த்ததும் வாய் பிளந்து நிற்பது போல இருக்கக் கூடாது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. மாடல் இன்ஜின் இரண்டு தண்டவாளங்களிலிருந்து 12 வோல்ட் எடுக்கிறது. ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். கிராசிங்கில் இரண்டும் சந்திக்கின்றன. மூக்கைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டால் ஷார்ட் ஆகாது, ஆனால் சின்ன இன்ஜின் அதன் மேல் வந்ததும் நின்றுவிடும். உலோக மூக்கென்றால் அதை நாலு பக்கமும் வெட்டித் தனியாக்கி, பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்து மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரிய சாதனம் எதுவும் தேவையில்லை. பலகை ஓரத்தில் ஒரு சாதாரண ஸ்லைடு சுவிட்ச். அதன் குமிழிலிருந்து ஒரு கம்பி டங் ரயிலைத் தள்ளும். அதே சுவிட்சின் முனைகள் மூக்குக்குப் போகும் மின்சாரத்தை மாற்றும். ஒரே தள்ளலில் இரண்டு வேலையும் முடியும்.

முடித்ததும் இன்ஜினை ஏற்ற அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு வேகனை எடுத்து விரலால் மெல்லத் தள்ளுங்கள், நேராகவும் கிளையிலும், முன்னும் பின்னும். எங்கே தடுக்கிறது என்று விரல் சொல்லிவிடும். மூக்கில் முட்டினால் அரத்தைத் தொடாதீர்கள், முதலில் காலிப்பரை எடுத்து வேகனின் சக்கர முதுகுகளை அளந்து பாருங்கள். அது சரியாக இருந்தால் செக் ரயிலுக்கு ஃபீலர் கேஜ் வையுங்கள். அதுவும் சரி என்றால்தான் மூக்கின் நுனியை ஒரு இழுப்பு, ஒரே ஒரு இழுப்பு, மழுக்கலாம். அசல் மூக்கும் ஊசி போல் கூராக இருப்பதில்லை.